காரின் கம்ப்யூட்டர் இருபது நிமிடம் கேட்கிறது!
டீசல் காரில் புகை வடிகட்டி அடைத்துக் கொண்டால் என்ன செய்வது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. திரையில் ஏதாவது செய்தி வந்தால், அதைப் படிக்காமலேயே ஓகே பட்டனில் கிளிக் செய்துவிட்டு வேலையைத் தொடர்வோம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைந்துவிட்டது என்று விண்டோஸ் சொல்லும். ஓகே. மறுநாளும் சொல்லும். ஓகே. ஒரு நாள் கம்ப்யூட்டர் நகராமல் நின்றுவிடும். அப்போதுதான் என்ன ஆயிற்று என்று கேட்போம்.

இதே தவறை நம்மில் பலர் இன்னொரு கம்ப்யூட்டரிடமும் செய்கிறோம். அது வீட்டு வாசலில் நிற்கும் டீசல் காருக்குள் இருக்கிறது. அதற்குப் பெரிய திரையோ கீ போர்டோ இல்லை. டேஷ் போர்டில் ஒரு சிறிய விளக்கை எரிய வைப்பதுதான் அதற்குத் தெரிந்த மொழி. அந்த விளக்குகளில் புகை வடிகட்டிக்கான விளக்கைப் பற்றி இங்கு விரிவாகப் பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக் கொள்வோம். உங்களுக்குத் திண்டுக்கல் நாகல் நகரில் வீடு, பேருந்து நிலையம் பக்கத்தில் கடை. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டீசல் கார். காலையில் கடைக்கு, மதியம் சாப்பாட்டிற்கு வீட்டிற்கு, மீண்டும் கடைக்கு, இரவு வீட்டிற்கு. ஒவ்வொரு ஓட்டமும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஒரு வாரமாக டேஷ் போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது என்று விட்டுவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சிறுமலைக்குப் புறப்படுகிறீர்கள். நத்தம் ரோட்டில் இருந்து பிரிந்து மலை ஏறுகிறீர்கள். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் தாண்டியதும் காரில் பிக்கப் குறைகிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் வேகம் எடுக்க மறுக்கிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. எதிரே வாழைத்தார் ஏற்றிய வண்டி இறங்கி வருகிறது.

இது என்ஜின் கெட்டுப் போனதால் வந்த நிலை அல்ல. காரின் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகச் சொன்ன செய்தியைக் கேட்காததால் வந்த நிலை.

வடிகட்டி என்பது என்ன?

டீசல் எரியும்போது முழுவதுமாக எரியாத மிக நுண்ணிய கரித்தூள் புகையோடு வெளியேறுகிறது. பழைய லாரிகள் ஏற்றத்தில் கக்கும் கறுப்புப் புகை இதுதான். இந்தக் கரியைக் காற்றில் விடாமல் பிடித்து வைக்க, சைலன்சர் குழாயின் வழியில் பொருத்தப்படுவதுதான் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர். சுருக்கமாக டி.பி.எஃப். என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

உள்ளே பார்த்தால் தேன்கூடு போல நூற்றுக்கணக்கான சிறு குழாய்கள் இருக்கும். பீங்கான் போன்ற பொருளால் ஆனவை. ஒரு குழாயின் முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் அடைத்திருக்கும். அடுத்த குழாயில் இது தலைகீழாக இருக்கும். எனவே உள்ளே நுழைந்த புகை, குழாயின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் அடுத்த குழாய்க்குப் போய் வெளியேற முடியும். புகை போய்விடும். கரி சுவரிலேயே தங்கிவிடும். காபி ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கித் தூள் மேலே நிற்பது போல.

காபித் தூளை நாம் தினமும் தட்டிக் கொட்டிவிடுகிறோம். இந்தக் கரியை யார் கொட்டுவது? அங்குதான் கம்ப்யூட்டர் வருகிறது.

இது நம் காருக்கு எப்போது வந்தது?

2000-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் பெஜோ நிறுவனம் தன் 607 என்ற காரில் இதைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் நாட்டில் பரவலாக வந்தது பி.எஸ். 6 விதிகளோடுதான். பி.எஸ். 5 என்ற படியைத் தாண்டி நேராக பி.எஸ். 6-க்குப் போவது என்று 2016 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4 வாகனங்களை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 24 அன்று தீர்ப்பளித்தது.

டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் வெளியேற்றக் கூடிய நுண்துகளின் அளவு பி.எஸ். 4-ல் 25 மில்லிகிராம். பி.எஸ். 6-ல் அது 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. அதாவது ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழ். துகள்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. வடிகட்டி இல்லாமல் இதை எட்டுவது நடைமுறையில் முடியாது. டீசலில் இருந்த கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதில் இருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

இதெல்லாம் தேவைதானா என்று சிலர் கேட்கலாம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் அறிவித்தது. பேருந்து நிலையத்தில் பள்ளிக்கூட பஸ்ஸிற்காக நிற்கும் பிள்ளைகள் மூச்சில் இழுப்பது இந்தக் கரியைத்தான். எனவே வடிகட்டி காருக்குத் தேவை இல்லாத பாகம் என்று எண்ண வேண்டாம்.

கம்ப்யூட்டர் எப்படிக் கணக்கிடுகிறது?

காரின் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இ.சி.யு. என்று பெயர். உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரைப் போலவே இதற்கும் பிராசசர், மெமரி, புரோகிராம் எல்லாம் உண்டு. மவுஸ், கீ போர்டு இருக்கும் இடத்தில் இதற்கு சென்சார்கள் இருக்கின்றன.

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் புகையின் அழுத்தத்தை ஒரு சென்சார் ஒப்பிட்டுப் பார்க்கும். கரி சேரச் சேர முன்பக்க அழுத்தம் கூடும். புகையின் வெப்பத்தை வேறு சென்சார்கள் அளக்கும். கடைசியாகச் சுத்தம் செய்த பிறகு கார் எவ்வளவு தூரம் ஓடியது, எப்படி ஓட்டப்பட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக் கொண்டு, உள்ளே இவ்வளவு கரி இருக்கும் என்று இ.சி.யு. ஒரு முடிவுக்கு வரும்.

கரியை நீக்க மூன்று வழிகள் உள்ளன.

1. தானாக எரிதல்: நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகைக் குழாய் நன்றாகச் சூடாகும். சுமார் 250 முதல் 400 டிகிரி செல்சியஸில், புகையிலேயே உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்ல எரித்துவிடும். உங்களுக்கு எதுவும் தெரியாது.

2. கம்ப்யூட்டர் எரித்தல்: கரி குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் இ.சி.யு. தானே ஒரு புரோகிராமைத் தொடங்கும். வழக்கமான நேரத்திற்குப் பிறகு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, புகையின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரிக்குக் கொண்டு போகும். கரி எரிந்துவிடும். இது முடிய 10 முதல் 25 நிமிடங்கள் ஆகலாம். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர்.

3. ஒர்க் ஷாப்பில் எரித்தல்: முதல் இரண்டும் நடக்காமல் கரி மிகவும் சேர்ந்துவிட்டால், மெக்கானிக் தன் ஸ்கேனரைக் காரில் இணைத்து, காரை நிறுத்தி வைத்தபடியே இந்தப் புரோகிராமை இயக்குவார்.

இரண்டாவது வழிதான் நம் கதைக்கு முக்கியம். விண்டோஸ் அப்டேட் நடக்கும்போது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று திரையில் செய்தி வருமல்லவா? ரீஜெனரேஷனும் அது போலத்தான். பாதியில் அணைத்தால் வேலை முடியாது. ஆனால் பல கார்கள் அப்படி ஒரு செய்தியைக் காட்டுவதில்லை! சத்தமில்லாமல் தொடங்கும். நீங்கள் கடை வாசலில் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். சில முறை இப்படித் தடைப்பட்ட பிறகுதான், இனித் தன்னால் ஆகாது என்று விளக்கை எரிய வைக்கும். அந்த மஞ்சள் விளக்கிற்கு ஒரே பொருள்தான். எனக்கு இருபது நிமிடம் கொடுங்கள் என்பதே அது.

ரீஜெனரேஷன் நடக்கிறது என்பதை எப்படி அறிவது?

கூர்ந்து கவனித்தால் சில அடையாளங்கள் தெரியும். கார் நிற்கும்போது என்ஜின் வழக்கத்தை விடச் சற்று வேகமாகச் சுற்றும். ரேடியேட்டர் ஃபேன் காரை அணைத்த பிறகும் ஓடும். சூடான வாடை வரும். மைலேஜ் காட்டும் மீட்டரில் எண் திடீரென்று குறையும். சிக்னலில் தானாக அணையும் வசதி உள்ள கார் அணையாது.

இவற்றில் ஒன்றைக் கண்டால், முடிந்தவரை இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இன்னொன்றும் முக்கியம். அந்த நேரத்தில் காரின் அடிப்பகுதி மிகவும் சூடாக இருக்கும். காய்ந்த புல், சருகு மீது நிறுத்தவே கூடாது. சிறுமலை போன்ற காட்டுப் பகுதியில் கோடை காலத்தில் ஓரமாக நிறுத்திப் படம் எடுப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். தார் ரோடு அல்லது வெறும் தரையில் நிறுத்துங்கள்.

ஊருக்குள் ஓட்டினால் ஏன் அடைக்கிறது?

இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூட்டிற்கே வருவதில்லை. குளிர்ந்த என்ஜின் கரியை அதிகமாகத் தரும். அதை எரிக்கத் தேவையான சூடு கிடைக்காது. வரவு உண்டு, செலவு இல்லை. உண்டியல் நிறைந்துவிடுகிறது.

சிறுமலை ஏற்றத்தில் என்ஜின் நன்றாகச் சூடாகுமே, அப்போது கரி எரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால், ஏற்றத்தில் கரி ஓரளவு எரியத்தான் செய்யும். ஆனால் வளைவிற்கு வளைவு வேகம் குறைகிறது. மேலே போனதும் அணைத்துவிடுகிறீர்கள். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரில் கால் வைப்பதில்லை, எனவே இ.சி.யு. டீசலையே நிறுத்திவிடும். புகைக் குழாய் குளிர்ந்துவிடும். நடந்து கொண்டிருந்த ரீஜெனரேஷனும் தடைப்படும். எனவே மலைப் பாதையை நம்பிப் பயன் இல்லை. இதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. இறக்கத்தில் எப்போதும் சிறிய கியர்தான்.

விளக்கு எரியும் காரோடு மலை ஏறுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரி எல்லையைத் தாண்டினால், என்ஜினைக் காப்பாற்றுவதற்காக இ.சி.யு. அதன் சக்தியைக் குறைத்துவிடும். இதை லிம்ப் மோட் என்பார்கள். விண்டோஸில் சேஃப் மோட் இருக்கிறதல்லவா, அது போல. சமவெளியில் என்றால் ஓரமாக உருட்டிக் கொண்டு போகலாம். கொண்டை ஊசி வளைவில், முழுக் குடும்பத்தோடு, செங்குத்தான ஏற்றத்தில் சக்தி போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியவை

முதலில் கார் கம்பெனி கொடுத்த கையேட்டைப் பாருங்கள். விளக்கின் வடிவமும் செய்ய வேண்டிய முறையும் காருக்குக் கார் மாறும். பொதுவான வழி இது:

1. மஞ்சள் நிற வடிகட்டி விளக்கு மட்டும் எரிந்தால் பயம் வேண்டாம். டீசல் அளவைப் பாருங்கள். ரிசர்வில் இருந்தால் பல கார்கள் ரீஜெனரேஷனைத் தொடங்காது. கால் டாங்கிற்கு மேல் நிரப்பிக் கொள்ளுங்கள்.

2. நான்கு வழிச் சாலைக்குப் போங்கள். திண்டுக்கல் வாசகர்களுக்கு இது எளிது. காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊரைத் தொட்டுத்தான் போகிறது. தெற்கே கொடைரோடு பக்கமோ, வடக்கே வேடசந்தூர் பக்கமோ ஒரு முறை போய் வாருங்கள்.

3. அனுமதிக்கப்பட்ட வேகத்திற்குள், மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டரில் சீராக ஓட்டுங்கள். டாப் கியரில் என்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஒரு கியர் குறைத்து, மீட்டரில் 2,000 சுற்றுகளுக்கு மேல் வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் என்றால் 23 கிலோமீட்டர்தான். செலவு இரண்டு லிட்டர் டீசலைத் தாண்டாது.

4. விளக்கு அணைந்த பிறகும் சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

5. அரை மணி நேரம் ஓட்டியும் விளக்கு அணையவில்லை என்றாலோ, அதனுடன் என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, பிக்கப் குறைந்துவிட்டாலோ, மேலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். மெதுவாக ஒர்க் ஷாப்பிற்குப் போங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

வீட்டு வாசலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக் கொண்டிருப்பது பயன் தராது. பக்கத்து வீட்டாருக்குப் புகைதான் மிச்சம்.

கேட்காமல் ஓட்டினால் என்ன ஆகும்?

புகை வெளியேற வழி இல்லாமல் என்ஜினைப் பின்னால் தள்ளும். மைலேஜ் குறையும். டர்போவின் மீது சுமை ஏறும். ரீஜெனரேஷன் பாதியில் நின்றுகொண்டே இருந்தால், கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! ஆயில் கூடிவிட்டதே என்று மகிழ வேண்டாம். நீர்த்துப் போன ஆயில் என்ஜினின் உள் பாகங்களைத் தேய்த்துவிடும். உடனே மாற்ற வேண்டும்.

அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரே நேரத்தில் தீப்பற்றினால் வெப்பம் எல்லை மீறி வடிகட்டியின் உள்ளே விரிசல் விழும். புதிய வடிகட்டியின் விலை சில மாடல்களில் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டு லிட்டர் டீசல் எங்கே, லட்ச ரூபாய் எங்கே!

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கரி வேறு, சாம்பல் வேறு. கரி எரியும். என்ஜின் ஆயிலில் உள்ள சில பொருள்கள் எரிந்து உண்டாகும் சாம்பல் எரியாது. அது பல ஆண்டுகளாக மெல்லச் சேரும். எனவே கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைவாகத் தரும் ஆயிலையே வாங்க வேண்டும். சாம்பல் நிறைந்த வடிகட்டியைக் கழற்றி, அதற்கான இயந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டம் இதற்கு உதவாது.

உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் பார்க்கலாம்

நம் வாசகர்களுக்குப் பிடித்த பகுதி இது. ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓ.பி.டி. போர்ட் என்று பெயர். கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. போர்ட் போல. இதில் செருகும் இ.எல்.எம். 327 வகை அடாப்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. பயன்படுத்தும் முறை:

1. காரை நிறுத்தி, அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள்.

2. ஆண்ட்ராய்ட் போனில் ப்ளூடூத் அமைப்பிற்குச் சென்று அடாப்டரை இணையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000. ஐபோனில் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் வேலை செய்யாது. வைஃபை அல்லது ப்ளூடூத் லோ எனர்ஜி வகையைக் கேட்டு வாங்குங்கள்.

3. கார் ஸ்கேனர், டார்க் போன்ற அப்ளிகேஷன்களில் ஒன்றை உங்கள் போனின் அதிகாரப்பூர்வக் கடையில் இருந்து மட்டும் இறக்கிக் கொள்ளுங்கள். இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல்களைத் தொடாதீர்கள்.

4. பிழைக் குறியீடுகளைப் படிக்கும் பகுதியைத் திறங்கள். இந்தக் குறியீடுகள் வந்தால் பொருள் இது: பி 2463 என்றால் கரி அதிகம் சேர்ந்துவிட்டது. பி 242எஃப் என்றால் சாம்பலால் அடைப்பு. பி 2002 என்றால் வடிகட்டி தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. பி 2452 என்றால் அழுத்த சென்சாரின் மின் இணைப்பில் கோளாறு. கடைசிக் குறியீடு மிக முக்கியம். வடிகட்டி நன்றாக இருந்து சென்சார் மட்டும் கெட்டிருக்கலாம். லட்ச ரூபாய் வடிகட்டியை மாற்றும் முன் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

5. சில கார்களில் கரியின் அளவு, கடைசி ரீஜெனரேஷனுக்குப் பிறகு ஓடிய தூரம் ஆகியவையும் தெரியும். எல்லாக் கார்களிலும் எல்லா அப்ளிகேஷன்களிலும் இது கிடைக்காது.

இந்த எண்கள் கிடைத்தால் எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு சிறிய அட்டவணை தயாரியுங்கள். தேதி, மீட்டர் கிலோமீட்டர், ரீஜெனரேஷன் நடந்ததா, குறிப்பு என்று நான்கு நெடு வரிசைகள் போதும். கீழ் வரிசையின் கிலோமீட்டரில் இருந்து மேல் வரிசையின் கிலோமீட்டரைக் கழித்தால், இரண்டு ரீஜெனரேஷன்களுக்கு இடையே உள்ள தூரம் கிடைக்கும். அது மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தால் அடைப்பு வளர்கிறது என்று பொருள். ஊருக்குள்ளேயே ஓட்டுவதும் காரணமாக இருக்கலாம், இன்ஜெக்டர் போன்ற பாகங்களின் கோளாறும் காரணமாக இருக்கலாம். இந்த அட்டவணையை அச்சிட்டு ஒர்க் ஷாப்பிற்கு எடுத்துச் சென்றால், மெக்கானிக்கின் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

கார் ஓடும்போது போனைப் பார்க்க வேண்டாம். பார்த்து முடித்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

குறியீட்டை அழிப்பது: அப்ளிகேஷனில் குறியீடுகளை அழிக்கும் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் விளக்கு அணையலாம். கரி அங்கேயேதான் இருக்கும். பிழைச் செய்தியை மூடிவிட்டால் ஹார்ட் டிஸ்க்கில் இடம் வந்துவிடுமா?

தண்ணீர் அடிப்பது: வாட்டர் சர்வீஸ் கடையில் வடிகட்டியைக் கழற்றி வேகமாகத் தண்ணீர் அடிப்பது நுண்துளைகளைக் கெடுத்துவிடும்.

டாங்கில் எதையாவது ஊற்றுவது: சில கார்களில் டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட் என்ற நீல மூடித் திரவம் உண்டு. அது நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்கு. அதற்கெனத் தனி டாங்கு உண்டு. தவறிக் கூட டீசல் டாங்கில் ஊற்றாதீர்கள்.

வடிகட்டியையே எடுத்துவிடுவது: உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, இ.சி.யு. புரோகிராமையும் மாற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை செய்கிறது. வாரண்டியும் போகும். பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், வடிகட்டி இல்லாத கார் ஆண்டுச் சோதனையில் தேறாது என்று ஆக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் விட, உங்கள் காரின் கரியை உங்கள் தெருப் பிள்ளைகள் சுவாசிப்பார்கள்.

பழைய டீசல் கார் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. சைலன்சர் குழாயின் உள்பக்கத்தைக் கார் ஆறிய பிறகு விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருக்கும் காரில் குழாய் ஏறத்தாழச் சுத்தமாக இருக்கும். விரலில் கறுப்பு மை போல ஒட்டினால், வடிகட்டி உடைந்திருக்கலாம் அல்லது எடுக்கப்பட்டிருக்கலாம்.

ஓட்டுபவர் மட்டுமே காரணமா?

இல்லை. சீராக, வேகமாக ஓட்டியும் அடைத்துக் கொண்ட கார்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் 2,64,170-ல் இந்த வடிகட்டி அமைப்பே குறையுள்ளது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போதே அது சரியாக வேலை செய்யவில்லை என்பது வழக்கு. இழப்பீட்டுக் கணக்கு குறித்த மேல்முறையீடு 2024 வரை உயர்மட்டத்திற்குப் போனது. எனவே சொன்னபடி ஓட்டியும் விளக்கு அடிக்கடி எரிந்தால், நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை என்று யாராவது சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். இ.சி.யு.விற்குப் புதிய புரோகிராம் வந்துள்ளதா என்று கேளுங்கள். உங்கள் அட்டவணையைக் காட்டுங்கள். ஒர்க் ஷாப்பில் செய்த வேலையை எழுத்தில் வாங்குங்கள்.

புதிதாகக் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள். தினமும் ஊருக்குள் ஐந்து பத்து கிலோமீட்டர்தான் என்றால் டீசல் உங்களுக்கு ஏற்றதல்ல. நம் நாட்டில் அதிகம் கார் விற்கும் மாருதி சுசுகி நிறுவனமே டீசல் கார்களை நிறுத்தப் போவதாக 2019 ஏப்ரலில் அறிவித்து, அடுத்த ஆண்டு பி.எஸ். 6 வந்தபோது நிறுத்திவிட்டது. வாரம் இரண்டு முறை மதுரைக்கோ கரூருக்கோ போய் வருபவர் என்றால் டீசல் காரை அச்சமின்றி வைத்துக் கொள்ளலாம். வடிகட்டி தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும்.

ஏற்கெனவே டீசல் கார் வைத்திருந்து, ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்களா? பதினைந்து நாளைக்கு ஒரு முறை நான்கு வழிச் சாலையில் அரை மணி நேர ஓட்டம் என்று காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள். வேலை இல்லாமல் டீசலை வீணாக்குவதா என்று தோன்றினால், கொடைரோடு பக்கம் இருக்கும் உறவினர் வீட்டிற்கு ஒரு நடை போய் வாருங்கள். சிறுமலைப் பயணத்தை விளக்கு அணைந்த பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக் கொள்ளலாம். மலை எங்கும் போய்விடாது.